ராயல் ஐசிங் முப்பரிமாண பிஸ்கட்டு

முப்பரிமாண ஐசிங் பிஸ்கட்டு என்பது தட்டையாகச் சுட்டெடுத்த பிஸ்கட்டுத் துண்டுகளை ராயல் ஐசிங் எனப்படும் சர்க்கரைக் கலவையால் ஒன்றோடொன்று ஒட்டி, தானாக நிற்கும் உருவமாக எழுப்பும் அலங்காரத் தின்பண்டம் ஆகும். வீடு, தேவாலயம், மரம், பெட்டி, தொடர்வண்டி போன்ற உருவங்கள் இவ்வாறு செய்யப்படுகின்றன. ராயல் ஐசிங் முட்டையின் வெண்கருவையும் மாவுபோல் அரைத்த சர்க்கரையையும் சேர்த்து அடித்துப் பெறப்படுவது. ஈரமாக இருக்கும்போது பசையாகவும், உலர்ந்தபின் கல்போல் இறுகிய ஓடாகவும் விளங்கும் இதன் இயல்பே இக்கலைக்கு அடிப்படை. ஒரே கலவை இங்கு சாந்தாகவும் வண்ணப்பூச்சாகவும் பூ வேலையாகவும் பயன்படுகிறது.

இவ்வேலையில் ஏற்படும் பெரும்பாலான தோல்விகளுக்குக் கைத்திறன் குறைவு காரணமன்று. கலவையில் உள்ள நீரும் காற்றில் உள்ள ஈரமும் கணக்கில் எடுக்கப்படாததே காரணம். குளிர்நாடுகளின் செய்முறையை அப்படியே பின்பற்றுவோரின் வீடுகள் தமிழ்நாட்டு மழைக்காலத்தில் சரிந்து விழுவதும் இதனாலேயே. எனவே நீரின் போக்கை விளக்குவதற்கு இக்கட்டுரையில் சற்றுக் கூடுதலான இடம் தரப்படுகிறது.

பெயர்

ராயல் என்ற அடைமொழி விக்டோரியா அரசியின் திருமணக் கேக்கிலிருந்து வந்தது என்று பல சமையல் நூல்கள் கூறுகின்றன. 1840-ல் நடந்த அத்திருமணத்துக்கு ஏறத்தாழ 300 பவுண்டு எடையுள்ள, வெண்பூச்சுப் பூசிய கேக்கு செய்யப்பட்டது உண்மையே. ஆனால் இப்பெயர் அதற்கு முந்தியது. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி இதன் முதல் ஆட்சியாக 1770-ல் வெளியான பொரெல்லாவின் இனிப்பு நூலைக் குறிக்கிறது. விக்டோரியா அரசி பிறந்ததே 1819-ல்தான். ஆகவே அரசியின் திருமணம் இப்பூச்சைப் புகழ்பெறச் செய்தது என்று சொல்லலாமே தவிர, பெயரைத் தந்தது என்று சொல்ல இயலாது.

தமிழில் இதற்கு நிலைபெற்ற பெயர் எதுவும் இல்லை. அடுமனைகளில் ராயல் ஐசிங் என்றே வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் கேக்கின் மேல் பரவலாகக் காணப்படும் மென்மையான வெண்ணெய்க் கிரீமும், சாறிட்ட கிரீமும் இதிலிருந்து வேறானவை. அவற்றில் கொழுப்பு உண்டு, அவை இறுகுவதில்லை. ராயல் ஐசிங்கில் கொழுப்பு ஒரு துளியும் இருக்கலாகாது.

வரலாறு

சர்க்கரையையும் வெண்கருவையும் அடித்துக் கேக்கின் மேல் பூசும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவியிருந்தது. எலிசபெத் ரஃபால்டு 1769-ல் வெளியிட்ட சமையல் நூலில், மணமகள் கேக்கின் மேல் முதலில் வாதுமைப் பூச்சும் அதன்மேல் சர்க்கரைப் பூச்சும் இடும் முறை விளக்கப்பட்டுள்ளது. வாதுமைப் படலம் கேக்கின் எண்ணெயையும் பழுப்பு நிறத்தையும் தடுத்து நிறுத்த, மேற்பூச்சு வெண்மையாக நிலைக்கிறது.

பிஸ்கட்டினால் வீடு கட்டும் வழக்கம் செருமானிய நாடுகளில் தோன்றியது. தேனும் இஞ்சி முதலிய மணப்பொருள்களும் சேர்த்த ரொட்டி அங்கு நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டு வந்தது; நியூரம்பர்க்கு நகரம் அதற்குப் பெயர்பெற்றது. கிரிம் உடன்பிறப்புகள் 1812-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், காட்டில் தின்பண்டத்தால் ஆன வீட்டைக் காணும் இரு சிறுவர்களின் கதை இடம்பெற்றது. அதன்பின் இவ்வீடுகள் கிறித்துமசுப் பண்டமாகப் பரவின. நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் ஆண்டுதோறும் நகரத்தாரே செய்து தரும் இஞ்சி ரொட்டி வீடுகளைக் கொண்டு ஒரு சிறு நகரமே அமைக்கப்பட்டு வருகிறது. வட குரோவாசியாவின் இஞ்சி ரொட்டிக் கைவினை 2010-ல் யுனெசுக்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆயினும் குரோவாசியர் செய்வது பெரும்பாலும் தட்டையான இதய வடிவம், எழுப்பிய வீடன்று.

சர்க்கரையைப் பிணைப்பாகக் கொண்டு உருவம் எழுப்புவது தமிழகத்துக்குப் புதிதன்று. திருமணச் சீரில் வைக்கப்படும் பருப்புத் தேங்காய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வறுத்த கடலையையோ பொரித்த மனோகரத்தையோ வெல்லப் பாகில் புரட்டி, கூம்பு வடிவக் கூட்டில் அடைத்து இறுகியதும் எடுக்கின்றனர். கர்நாடகத்தில் மகர சங்கராந்தியின்போது மர அச்சில் வார்க்கப்படும் சர்க்கரைப் பொம்மைகளும் இவ்வகையினவே. வேறுபாடு ஒன்று உண்டு. பாகு சூட்டில் பதம் பெற்றுக் குளிர்ந்து இறுகுகிறது. ராயல் ஐசிங் நெருப்பைக் காணாமல் உலர்ந்து இறுகுகிறது.

இந்தியாவிலும் கொங்கு நாட்டிலும்

இந்தியாவில் கிறித்துமசுக் கேக்கின் தொடக்கம் கேரளத்தின் தலசேரியோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. மாம்பள்ளி பாப்பு என்பவர் அங்கு 1880-ல் ராயல் பிஸ்கட்டுத் தொழிற்சாலை என்ற அடுமனையைத் தொடங்கினார். மர்டாக்கு பிரௌன் என்ற தோட்ட உரிமையாளர் தந்த மாதிரியைச் சுவைத்து அவர் முதல் கிறித்துமசுக் கேக்கைச் செய்ததாகக் கூறப்படுகிறது. அந்த அடுமனைப் பெயரில் உள்ள ராயலுக்கும் இந்த ஐசிங்குக்கும் தொடர்பில்லை.

கொங்கு நாட்டில் இப்பண்டங்கள் நுழைந்த வாயில்களுள் ஒன்று இருப்புப்பாதை. சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த பாதை 1862-ல் நிறைவுற்றபோது, அது கோயம்புத்தூர் நகரைத் தொடாமல் அதன் தெற்கே உள்ள போத்தனூர் வழியாகச் சென்றது. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதை 1873-ல் திறக்கப்பட்டது. சந்திப்பு நிலையமாகிய போத்தனூரில் ஓட்டுநர், காவலர், பணிமனை ஊழியர் ஆகியோருக்கான குடியிருப்புகள் எழுந்தன. அங்கு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. ஓட்டுக் கூரையும் முன்தாழ்வாரமும் கொண்ட பழைய இருப்புப்பாதை வீடுகள் ஊரின் அடையாளமாயின. 1947-க்குப் பின் அக்குடும்பங்களில் பல இங்கிலாந்து, ஆசுத்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தன.

ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களின் கிறித்துமசுத் தட்டில் பழக் கேக்கு, கல்கல், அச்சு முறுக்கு ஆகியவை இன்றியமையாதவை. ஆங்கிலத்தில் ரோசாப்பூப் பிஸ்கட்டு என்று பெயர் பெற்ற பண்டம்தான் நம் அச்சு முறுக்கு. இரும்பு அச்சைக் காய்ந்த எண்ணெயில் சூடாக்கி, மாவில் தோய்த்து மீண்டும் எண்ணெயில் இட, பூ வடிவம் தானாகக் கழன்று விழும். கல்கல் என்பது சிறு மாவுருண்டையைச் சீப்பின் அல்லது முள்கரண்டியின் மேல் அழுத்திச் சுருட்டிய சங்கு வடிவம். பொரித்தபின் அதன்மேல் சர்க்கரைப் பாகு படிந்து வெண்ணிறமாக உறையும். தட்டை மாவிலிருந்து முப்பரிமாண உருவம் பெறும் கைவேலை இவற்றில் ஏற்கனவே இருந்தது. பழக் கேக்கின் மேல் வாதுமைப் பூச்சும் ராயல் ஐசிங்கும் இடுவது ஆங்கில மரபின் தொடர்ச்சி.

நீலகிரி மலையில் முத்துசாமி முதலியார் 1905-ல் வெண்ணெய்க் கடையாகத் தொடங்கிய நீல்கிரீஸ் நிறுவனம் பின்னர் பெங்களூர் பிரிகேடு சாலையில் அடுமனையும் பல்பொருள் அங்காடியுமாக வளர்ந்தது. அந்நிறுவனத்தின் சார்பில் 1975-ல் தொடங்கிய கேக்குக் கண்காட்சி, ஆண்டுதோறும் திசம்பரில் பெங்களூரில் நடைபெற்று வந்துள்ளது. கோட்டை, கோயில், நாடாளுமன்றம் போன்ற கட்டடங்களை ஆளுயரத்துக்குச் சர்க்கரையில் எழுப்பிக் காட்டும் இக்கண்காட்சி, தென்னிந்தியாவில் சர்க்கரைச் சிற்பத்தைப் பொதுமக்கள் கண்ணுக்குக் கொண்டுவந்தது. புனேயைச் சேர்ந்த பிராச்சி தபால் தேபு, பிரித்தானிய அரச குடும்பத்துக்குக் கேக்கு அலங்கரித்த எடி ஸ்பென்சிடம் ராயல் ஐசிங் கற்றவர். இவர் முட்டை சேராத ராயல் ஐசிங்கைக் கொண்டு மிலான் பேராலயத்தைத் தழுவி 100 கிலோ எடையுள்ள அமைப்பை உருவாக்கினார். இதற்கு 2022-ல் இலண்டனின் உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம் கிடைத்தது.

இறுகும் விதம்

ஒரு கோழிமுட்டையின் வெண்கரு சுமார் 30 கிராம். அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 27 கிராம், நீர். மீதி பெரும்பாலும் புரதம். அறை வெப்பத்தில் 1 கிராம் நீர் ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரையைக் கரைக்கவல்லது. எனவே இந்த 27 கிராம் நீரில் சுமார் 54 கிராம் சர்க்கரையே கரையும். ஆனால் ஒரு வெண்கருவுக்கு நாம் சேர்ப்பது 180 முதல் 200 கிராம் சர்க்கரை. ஆகவே ராயல் ஐசிங்கின் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கரையாத துகளாகவே இருக்கிறது. செறிவான சர்க்கரைக் கரைசலில் நுண்துகள்கள் மிதக்க, இடையிடையே புரதப் படலம் சூழ்ந்த காற்றுக் குமிழிகள் இருக்கும் ஒரு கலவை அது.

நீர் ஆவியாகும்போது கரைந்திருந்த சர்க்கரை மீண்டும் படிகமாகி, துகளுக்கும் துகளுக்கும் இடையே பாலம் அமைக்கிறது. புரதமும் உலர்ந்து வலைபோல் இவற்றைப் பிடித்துக்கொள்கிறது. சிமெண்டு நீரோடு வேதிவினை புரிந்து இறுகுவது. அதற்கு நீர் விட வேண்டும். ஐசிங்குக்கோ நீர் விலக வேண்டும். இடையில் ஒன்று சொல்லலாம்: செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுண்ணாம்புச் சுவர்ப் பூச்சிலும் முட்டை வெண்கரு சேர்க்கப்பட்டது. கட்டடச் சாந்தில் வெண்கருவைக் கலந்த ஊரில், வெண்கருச் சாந்தால் பிஸ்கட்டு வீடு கட்டுவது அத்தனை வியப்பன்று.

இந்த விளக்கத்திலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, சர்க்கரைத் துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நன்று. வீட்டு மிக்சியில் அரைத்த சர்க்கரை கண்ணுக்கு மாவுபோல் தெரிந்தாலும் அதில் பருந்துகள்கள் கலந்திருக்கும். அவை பைப்பிங் பையின் நாசில் முனையை அடைத்துவிடும். மெல்லிய துணியில் இருமுறை சலிப்பது உதவும். கடையில் கிடைக்கும் ஐசிங் சர்க்கரையில் கட்டிபிடிக்காமலிருக்கச் சிறிது மக்காச்சோள மாவு சேர்க்கப்படுவதுண்டு, அதனால் தீங்கில்லை. இரண்டாவது, எண்ணெய்ப் பசை புரதப் படலத்தை உடைத்துவிடும். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் வெண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் கலவை தளர்ந்துபோகும். பிளாசுடிக்குப் பாத்திரங்கள் பிசுக்கை எளிதில் விடா. எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே நன்று. மூன்றாவது, அளவுக்கு மிஞ்சி அடிக்கக் கூடாது. காற்று மிகுந்த ஐசிங் பார்வைக்குப் பஞ்சுபோல் அழகாக இருக்கும். உலர்ந்ததும் நுரைக்கல்போல் எளிதில் நொறுங்கும். சாந்தாகப் பயன்படும் ஐசிங்கை மெதுவான வேகத்திலேயே அடிக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்ப்பது வெண்கரு நுரையை நிலைப்படுத்தும். கேக்கின் மேல் பூசுவதற்கான ராயல் ஐசிங்கில், வெட்டும்போது உடையாதிருக்கக் கிளிசரின் கலப்பர். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைப்பது. ஆதலால் வீடு கட்டும் ஐசிங்கில் அதைச் சேர்க்கவே கூடாது. இவ்விரு தேவைகளையும் பிரித்துச் சொல்லாத செய்முறைகள் பல உள்ளன.

முட்டையும் அதன் மாற்றுகளும்

ராயல் ஐசிங் வேகாத பண்டம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா நுண்ணுயிரி இருக்க வாய்ப்புண்டு. சர்க்கரையின் செறிவு அதன் பெருக்கத்தைத் தடுத்தாலும், ஏற்கனவே இருப்பதை முற்றிலும் கொல்வதாகக் கொள்ள இயலாது. தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது இந்த அச்சத்தினாலேயே. அத்தடை ஐசிங்கைக் குறிப்பிடவில்லை. எனினும் குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் உண்ணும் பிஸ்கட்டில் பச்சை வெண்கருவைத் தவிர்ப்பதே முறை.

இதற்கு வழி வெண்கருப் பொடி. வெண்கருவைக் கிருமிநீக்கம் செய்து உலர்த்திய இப்பொடியில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு நீர் சேர்த்து, கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால் வெண்கருவுக்கு நிகராகும். கொங்கு நாட்டுக்கு இது அயல்பொருளன்று. நாமக்கல் இந்தியாவின் முதன்மையான முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று. ஈரோட்டைச் சேர்ந்த எஸ்.கே.எம். நிறுவனம் முட்டைப் பொடி வகைகளைச் செய்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. சர்க்கரைக்கும் கோவைக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1912-ல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் 1918-ல் வெளியிட்ட கோ 205 என்ற வகையிலிருந்து இந்தியக் கரும்பின் போக்கே மாறியது.

முட்டை உண்ணாதோர் கொண்டைக்கடலை வேகவைத்த நீரைப் பயன்படுத்தலாம். இந்நீர் வெண்கருப்போல் நுரைக்கும் என்பதை 2014-ல் பிரான்சின் சோயல் ரோசெல் வெளிப்படுத்தினார். உப்பில்லாமல் வேகவைத்து, நீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து அடிக்க வேண்டும். இதன் புரதம் குறைவாதலால் இறுகப் பிடிக்கும் வலிமை வெண்கருவைவிடக் குறைவு. சிறு பூக்களுக்கும் மேற்பூச்சுக்கும் இது போதும். கூரையைத் தாங்கும் மூட்டுகளுக்கு இருமடங்கு உலர்நேரம் தர வேண்டியிருக்கும்.

பிஸ்கட்டு

மைதா மூன்று, வெண்ணெய் இரண்டு, சர்க்கரை ஒன்று என்ற அளவில் செய்யும் பிஸ்கட்டு வாயில் கரையும். ஆனால் சுவராக நிற்காது. சுவருக்கு 300 கிராம் மைதா, 130 கிராம் வெண்ணெய், 120 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை என்பது பொருத்தமான அளவு. சுவைக்குச் சுக்குப் பொடியும் ஏலக்காயும் சேர்க்கலாம். சோடா உப்பு, பேக்கிங் பவுடர் இரண்டும் வேண்டா. அவை மாவைப் பரப்பி, வெட்டிய விளிம்பை வளைத்துவிடும். வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்தால் நிறமும் மணமும் மிகச் சிறப்பாக இருக்கும். ஆனால் அவை காற்றின் ஈரத்தை ஈர்ப்பவை. அத்தகைய பிஸ்கட்டைத் தாங்காத பகுதிகளுக்கு, அதாவது கதவு, வேலி, மரம் ஆகியவற்றுக்கு ஒதுக்குவது நன்று.

மாவை 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டையில் வெட்டிய மாதிரியை மேல்வைத்துக் கத்தியால் வெட்டி, தட்டோடு அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தபின் 170 பாகை செல்சியசில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் சூடாக இருக்கும்போதே மாதிரியை மீண்டும் வைத்து விளிம்பைச் சீர்செய்யலாம், ஆறிவிட்டால் உடையும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்வோரும் உண்டு. முற்றிலும் ஆறாத பிஸ்கட்டில் ஐசிங் இட்டால் வெண்ணெய் மேலேறி, பூச்சில் மஞ்சள் திட்டுகள் தோன்றும்.

பதம்

முறுக்கு மாவுக்கும் பாகுக்கும் பதம் பார்ப்பதுபோல ஐசிங்குக்கும் பதம் உண்டு. கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்பது கெட்டிப் பதம். ஒட்டுவதற்கும் பூக்களுக்கும் இதுவே. முனை மெல்லச் சாய்வது நடுப்பதம். கோடு வரைவதற்கும் எழுத்துக்கும் ஏற்றது. கத்தியால் கீறிய கோடு 10 முதல் 15 நொடிக்குள் மறைந்து மேற்பரப்பு சமமானால் அது நிரப்புப் பதம். கெட்டி ஐசிங்கில் நீரைத் துளித்துளியாகச் சேர்த்து மற்ற இரண்டையும் பெறலாம். நீர் கூடிவிட்டால் சர்க்கரை சேர்த்து மீட்கலாம் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு மீட்ட ஐசிங் உலரும்போது திட்டுத்திட்டாக நிறம் மாறுவதுண்டு.

முதலில் நடுப்பதத்தால் எல்லைக்கோடு இட்டு, அதனுள் நிரப்புப் பதத்தை ஊற்றி, ஊசிமுனையால் மூலைகளுக்குத் தள்ளிக் குமிழிகளை உடைக்க வேண்டும். பின்னர் மின்விசிறியின் கீழ் அரைமணி நேரம் வைத்தால் மேலே மெல்லிய தோல் படியும். இதனால் பளபளப்பு நிலைக்கும். உள்ளே முழுதும் உலர 8 மணி நேரமாவது ஆகும். பொத்தான் அளவான சிறு இடங்களை நிரப்பும்போது நடுவில் பள்ளம் விழுவது பலருக்கும் நேர்வது. முதலில் கெட்டி ஐசிங்கால் ஒரு சுருள் இட்டு, அதன்மேல் நிரப்பினால் பள்ளம் விழாது. பயன்படுத்தாத ஐசிங்கின் மேல் எப்போதும் ஈரத்துணி மூடியிருக்க வேண்டும்.

உருவம் எழுப்புதல்

பிஸ்கட்டைத் தட்டிலிருந்து எழுப்பப் பல வழிகள் உள்ளன. மிக எளியது அடுக்குமுறை: ஒன்றைவிட ஒன்று சிறிதான விண்மீன் வடிவங்களை முனைகள் மாறிவருமாறு அடுக்கினால் மரம். இரு தட்டை மர உருவங்களில், ஒன்றில் மேலிருந்தும் மற்றதில் கீழிருந்தும் பாதி உயரத்துக்குப் பிளவு வெட்டி ஒன்றில் ஒன்றைச் செருகினால் நான்கு பக்கமும் தெரியும் மரம் கிடைக்கும். பிளவின் அகலம் பிஸ்கட்டின் கனத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். சுடும்போது மாவு உப்புவதே காரணம். வளைந்த துண்டு வேண்டுமானால் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து அதன்மேல் மாவைப் போர்த்திச் சுடலாம். படத்தின் மேல் கண்ணாடித்தாளை விரித்து ஐசிங்கால் பூ, சன்னல் கம்பி, பறவை ஆகியவற்றை வரைந்து, ஒருநாள் முழுதும் உலர்த்தி உரித்தெடுத்து ஒட்டுவது மற்றொரு வழி. இவை முட்டை ஓடுபோல் நொறுங்குபவை. தேவைக்கு இருமடங்கு செய்துவைப்பதே வழக்கம்.

சுவரும் கூரையும் கொண்ட வீடு சற்றுக் கணக்கு வேண்டுவது. போத்தனூரில் காணப்படும் வகையிலான ஓட்டு வீடு ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். முன்சுவரும் பின்சுவரும் 10 செ.மீ. அகலம், ஓரங்களில் 7 செ.மீ. உயரம், நடுவில் முக்கோணமாக மேலும் 5 செ.மீ. உயரம் கொண்டவை. முக்கோணத்தின் பாதி அகலம் 5 செ.மீ., உயரமும் 5 செ.மீ.; பித்தாகரசு தேற்றப்படி சாய்வின் நீளம் ஏறத்தாழ 7.1 செ.மீ. இறவாரத்துக்கு 1.4 செ.மீ. சேர்த்து, கூரைப் பலகை ஒவ்வொன்றும் 8.5 செ.மீ. இருக்கட்டும். பக்கச் சுவர்கள் 12 செ.மீ. நீளம். இவை முன்பின் சுவர்களுக்கு இடையில் நிற்பதால், சுட்டபின் 6 மி.மீ. ஆகும் கனத்தை இருபுறமும் சேர்த்து வீட்டின் மொத்த நீளம் 13.2 செ.மீ. ஆகிறது. கூரையின் நீளத்தை 12 என்றே வெட்டுவது தொடக்கநிலையினர் பலர் செய்வது. 15 செ.மீ. வெட்டினால் இருபுறமும் சிறு தாழ்வாரம் கிடைக்கும்.

இரு கூரைப் பலகைகளும் மேலே செங்கோணத்தில் சந்திக்கும்போது, அவற்றின் கனம் காரணமாக முகட்டில் ஒரு பள்ளம் விழும். அதைக் கெட்டி ஐசிங்கால் நிரப்பி, முகட்டு ஓடுபோல் வடிவம் தரலாம். வீட்டுக்கு மேலே குறிப்பிட்ட மாவளவு போதும்; ஐசிங்குக்கு இரு வெண்கருவும் 380 கிராம் சர்க்கரையும் தேவைப்படும்.

சுவர்களைப் படுக்கவைத்த நிலையிலேயே வண்ணமிட்டு முழுதும் உலர்த்திவிட வேண்டும். எழுப்பியபின் நிரப்புப் பதம் வழிந்துவிடும். அட்டையின் மேல் கெட்டி ஐசிங்கால் கோடிட்டு முன்சுவரையும் ஒரு பக்கச் சுவரையும் முதலில் நிறுத்துக. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். உட்புற மூலையிலும் ஐசிங் தடவுக. வெளிக்குத் தெரியாத இப்பூச்சே வீட்டுக்கு வலிமை. நான்கு சுவரும் நின்றபின் குறைந்தது நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கூரையை உடனே வைத்தால் அதன் எடை சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். செங்கல் வீட்டிலும் சாய்கூரை இவ்வாறே சுவரைத் தள்ளுகிறது. அங்கு குறுக்குவிட்டம் அதைத் தடுக்கிறது. பிஸ்கட்டு வீட்டிலும் உள்ளே ஒரு குறுக்குத் துண்டை ஒட்டுவது பயன்தரும். கூரை வழுக்காதிருக்க ஒரு மணி நேரம் இறவாரத்தின் கீழ் சிறு கிண்ணங்களை முட்டுக் கொடுக்கலாம்.

ஓடுகளைக் காட்ட, கீழ் வரிசையிலிருந்து மேல்நோக்கிச் சிறு துளிகளாக ஐசிங் இட்டு ஒவ்வொன்றையும் தூரிகையால் மேலிழுக்க வேண்டும். மேலைநாட்டு வீடுகளில் இறவாரத்திலிருந்து பனி தொங்குவதாக ஐசிங் இடுவர். போத்தனூர் வீட்டில் பனிக்கு வேலையில்லை. அவ்விடத்தில் மல்லிகைக் கொடியையோ மாவிலைத் தோரணத்தையோ இடுவது பொருத்தம்.

ஈரப்பதமும் பருவமும்

சர்க்கரைப் படிகம் காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 85 விழுக்காட்டைத் தாண்டும்போது தானாகவே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழேயும் ஈரம் கூடக்கூட உலர்தல் தாமதமாகும், பிஸ்கட்டும் நமுத்துப்போகும். சுவர் நமுத்தால் ஐசிங் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. சரிவு பெரும்பாலும் மூட்டில் தொடங்குவதில்லை. பலகையின் நடுவில் வளைவாகத் தொடங்குகிறது.

கோயம்புத்தூர்ப் பகுதி கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேல், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே காற்று மிகுதியாக வீசினும், மழை மிகுவது அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவத்தில்தான். திசம்பர் நடுவிலிருந்து மழை குறைந்து பகல் காற்று வறள்கிறது. கிறித்துமசை ஒட்டிய வாரங்கள் இவ்வேலைக்கு உகந்தவையாக அமைவது இப்பகுதிக்கு வாய்த்த நற்பேறு. கடற்கரையில் உள்ள சென்னைக்கு இவ்வாய்ப்பு குறைவு. ஆனால் திசம்பர் 20-ல் விற்க வேண்டிய வீடுகளை நவம்பரிலேயே தொடங்கும் வீட்டுத் தொழில் செய்வோர் மழைக்காலத்தில் மாட்டிக்கொள்கின்றனர். துண்டுகளைச் சுட்டு, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா செல் பைகளோடு அடைத்துவைத்து, எழுப்பும் வேலையை மட்டும் வறண்ட நாட்களுக்கு ஒத்திவைப்பது ஏற்ற வழி. குளிர்சாதனம் காற்றின் ஈரத்தையும் குறைப்பதால் அவ்வறையில் உலர்த்தலாம். குளிர்ப்பெட்டியில் மட்டும் வைக்கலாகாது. வெளியே எடுத்தவுடன் அதன்மேல் நீர் வியர்த்து, வண்ணம் ஒன்றோடொன்று ஓடிவிடும்.

நிறங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் உணவில் சேர்க்க எட்டுச் செயற்கை நிறமிகளையே அனுமதிக்கின்றன. டார்ட்ரசின், கார்மோசின், பிரில்லியண்டு புளூ முதலியன அவற்றுள் அடங்கும். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் பஞ்சு மிட்டாயில் கண்டறியப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் அச்சாயம் கலந்த பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடைசெய்தது. பெயரும் உரிம எண்ணும் அச்சிடாத பொட்டலத்தில் வரும் பளிச்சென்ற இளஞ்சிவப்புத் தூளை ஐசிங்கில் சேர்க்காதிருப்பதே அறிவுடைமை. பொன், வெள்ளி மினுமினுப்புத் தூள்களிலும் உண்ணத்தக்கவை, அலங்காரத்துக்கு மட்டும் உரியவை என இருவகை உண்டு. டப்பாவின் மேல் உள்ளதைப் படித்தே வாங்க வேண்டும். எண்ணெயில் கரைத்த சாக்கலேட்டு நிறங்கள் ராயல் ஐசிங்கைத் தளர்த்திவிடுமாதலால் கூழ்நிலை நிறங்களே ஏற்றவை. மஞ்சள், பீட்ரூட்டு, கீரைச்சாறு ஆகியவற்றைப் பொடியாக உலர்த்திப் பயன்படுத்தலாம். சாறாகவே ஊற்றினால் நீர் கூடிப் பதம் கெடும். கறுப்பு, அடர்சிவப்பு போன்றவற்றுக்கு நிறமி மிகுதியாகத் தேவை. நிறமி மிகுந்த ஐசிங் உலர நெடுநேரம் ஆகும். கலந்த நிறம் சில மணி நேரத்தில் தானே அடர்வதால், வேண்டியதைவிட ஒருபடி வெளிறிய நிலையில் நிறுத்தி மறுநாள் பயன்படுத்துவர்.

பயிற்சியும் பேணலும்

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அடுமனைப் பொருள்கள், மிட்டாய் வகைகள் பற்றிய குறுகியகாலப் பயிற்சிகளை நடத்தி வந்துள்ளது. விற்பனைக்குச் செய்வோர், வீட்டிலிருந்தே செய்தாலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவர்களே.

நன்கு உலர்ந்த வீட்டை மூடிய கண்ணாடிப் பெட்டியில் பல மாதங்கள் காட்சிக்கு வைக்கலாம். ஆனால் உண்பதற்கெனில் இரு வாரங்களுக்குள் உடைத்துவிட வேண்டும். வெண்ணெய் சிக்கடிப்பதும் தூசு படிவதும் அதற்குமேல் தவிர்க்க இயலாதவை. வேனிலில் வண்ணம் வெளிறாதிருக்கச் சன்னல் வெயிலிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். எறும்பு வராதிருக்க மேசைக் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துவது பழைய முறை. பூச்சிக்கொல்லிச் சாக்குக்கட்டியால் வீட்டைச் சுற்றிக் கோடு போடுவதைத் தவிர்க்க வேண்டும். அந்தத் தூள் உண்ணும் பண்டத்தில் படிந்துவிடும்.